தலைதட்டிய கரண்டி! - சமையலுக்கு அளவு தந்த பேனி பார்மர்

சமையல் ருசியாக இருந்தால் கைப்பக்குவம் என்று சொல்கிறோம். கெட்டுப் போனாலும் கை மீதுதான் பழி! அந்தக் கையில் இருந்த கரண்டியைப் பற்றி யாரும் பேசுவது இல்லை.

கரண்டியைப் பற்றிப் பேசியே பெரும் புகழ் பெற்ற ஒரு பெண்மணி அமெரிக்காவில் இருந்தார். அவர் பெயர் பேனி மெரிட் பார்மர். அவர் ராணி அல்ல. பணக்கார வீட்டில் பிறந்தவரும் அல்ல. பள்ளிப் படிப்பைக்கூட முடிக்க முடியாதவர். காலில் ஊனம் உள்ளவர். அவர் எழுதிய புத்தகமோ அமெரிக்காவில் லட்சக்கணக்கான வீடுகளுக்குள் நுழைந்தது.

முட்டை அளவு வெண்ணெய்

19-ம் நூற்றாண்டில் அமெரிக்காவில் சமையல் புத்தகங்களுக்குப் பஞ்சம் இல்லை. ஆனால், அவற்றைப் படித்துச் சமைப்பது எளிது அல்ல.

கோழி முட்டை அளவு வெண்ணெய் எடுக்க வேண்டும் என்று ஒரு புத்தகம் சொல்லும். வால்நட் கொட்டை அளவு என்று இன்னொன்று சொல்லும். டீ குடிக்கும் கோப்பையால் இரண்டு கோப்பை மாவு, ஒரு சிட்டிகை உப்பு, வேண்டிய அளவு பால். இப்படித்தான் இருக்கும்.

எந்தக் கோழியின் முட்டை? யார் வீட்டுக் கோப்பை? சின்னக் கோப்பையா, பெரிய கோப்பையா? வேண்டிய அளவு என்றால் எவ்வளவு வேண்டும்?

தாயிடம் நேரில் கற்றுக்கொண்ட பெண்ணுக்கு இந்தக் குழப்பம் இல்லை. தாயின் கையைப் பார்த்தே அவள் தெரிந்துகொள்வாள். தாயைப் பிரிந்து நகரத்துக்கு வந்து, புதிதாகக் குடித்தனம் நடத்தும் பெண் என்ன செய்வாள்? அவளுக்குப் புத்தகம்தான் துணை. அந்தப் புத்தகமே கையை விரித்தால்?

குழம்பு என்றால் சமாளித்துக்கொள்ளலாம். உப்பு குறைந்தால் போட்டுக்கொள்ளலாம். கேக்கும் ரொட்டியும் அப்படி அல்ல. அடுப்புக்குள் வைத்த பிறகு மாவு கூடுதல் என்று தெரிந்தால், எடுத்துத் திருத்த முடியாது. மாவு, வெண்ணெய், சர்க்கரை, முட்டை அவ்வளவும் வீண்! கணக்காகச் செலவு செய்யும் குடும்பத்துக்கு அது சின்ன நஷ்டம் அல்ல.

16 வயதில் விழுந்த இடி

பேனி 1857-ம் ஆண்டு மார்ச் 23-ந் தேதி பாஸ்டன் நகரில் பிறந்தாள். தகப்பனார் அச்சுத்தொழில் செய்தவர். வீட்டில் பெண் குழந்தைகள் நான்கு. பேனி மூத்தவள்.

குடும்பம் பாஸ்டனுக்கு அருகில் உள்ள மெட்போர்டு என்ற ஊருக்குக் குடிபோயிற்று. அங்கு உயர்நிலைப் பள்ளியில் பேனி படித்தாள். பெண்களுக்குப் படிப்பு எதற்கு என்று கேட்ட காலம் அது. ஆனால், பேனியின் பெற்றோர் அப்படி நினைக்கவில்லை. மூத்த மகளைக் கல்லூரிக்கு அனுப்ப வேண்டும் என்று ஆசைப்பட்டார்கள்.

அப்போதுதான் இடி விழுந்தது. பேனிக்கு 16 வயது இருக்கும்போது, அவளைப் பக்கவாதம் போன்ற நோய் தாக்கியது. அது இளம்பிள்ளை வாதமாக இருக்கலாம் என்று பிற்காலத்தவர் கருதுகிறார்கள். துள்ளித் திரிந்த பெண் படுத்த படுக்கையானாள். சில ஆண்டுகள் அவளால் நடக்கவே முடியவில்லை.

படிப்பு நின்றது. கல்லூரிக் கனவு கலைந்தது.

பிறகு மெல்ல மெல்ல எழுந்து நடந்தாள். ஆனால், கால் முழுவதும் குணமாகவில்லை. கடைசிவரை சாய்ந்து சாய்ந்துதான் நடந்தாள். கல்யாணமும் ஆகவில்லை.

அப்படிப்பட்ட பெண்ணுக்கு வீட்டில் என்ன வேலை இருக்கும்? சமையல் அறைதான்! வெளி ஆட்களுக்குச் சாப்பாடு போட்டு, தங்க இடமும் கொடுத்து அந்தக் குடும்பம் வருமானம் தேடியது. அந்த வீட்டில் பேனி சமைத்தாள். சாப்பிட்டவர்கள் பாராட்டினார்கள்.

சிறுமி கேட்ட கேள்வி

பின்னர் ஷா என்ற குடும்பத்தில் பேனி வேலைக்குச் சேர்ந்தார். குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். வீட்டு வேலைகளில் எஜமானிக்கு உதவ வேண்டும். சமையலும் உண்டு.

அந்த வீட்டில் நடந்ததாக ஒரு கதை சொல்வார்கள். வீட்டுச் சிறுமிக்குச் சமையல் கற்றுக்கொள்ள ஆசை. பேனியின் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாகக் கேட்பாள். ஒரு சிட்டிகை என்றால் எவ்வளவு, முட்டை அளவு வெண்ணெய் என்றால் எத்தனை கரண்டி என்று துளைத்து எடுத்தாளாம். பேனிக்குக் கை அளவு தெரியும். ஆனால், வாயால் சொல்லத் தெரியவில்லை. அன்று முதல், கரண்டியில் எடுத்துக் கத்தியால் வழித்துத் தலைதட்டி அளக்கத் தொடங்கினார் என்பது கதை.

கதை எவ்வளவு தூரம் உண்மையோ! பல பெரியவர்களுக்குத் தோன்றாத கேள்வி குழந்தைகளுக்குத் தோன்றுவது உண்டு. அது மட்டும் நிச்சயம்.

பேனியின் கைத்திறனைக் கண்ட ஷா அம்மையார், அவரைச் சமையல் பள்ளியில் சேரும்படி தூண்டினார்.

30 வயது மாணவி

பாஸ்டன் சமையல் பள்ளி 1879-ல் தொடங்கப்பட்டது. பெண்கள் சங்கம் ஒன்று அதை நடத்தியது. சமையலை ஒரு படிப்பாகக் கற்றுக்கொடுப்பது அதன் நோக்கம். உணவில் என்ன சத்து இருக்கிறது, உடம்புக்கு எது தேவை, வீட்டைச் சுத்தமாக வைப்பது எப்படி, நோயாளிக்கு என்ன கொடுப்பது எல்லாம் அங்கு பாடம்.

1887-ல் பேனி அந்தப் பள்ளியில் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 30. மற்ற பெண்கள் குழந்தை குட்டியுடன் குடும்பம் நடத்தும் வயதில், அவர் நோட்டுப் புத்தகத்துடன் வகுப்பில் உட்கார்ந்தார்.

1889-ல் படிப்பு முடிந்தது. மாணவியை வெளியே அனுப்பப் பள்ளிக்கு மனம் இல்லை. அங்கேயே உதவித் தலைமை ஆசிரியையாக வைத்துக்கொண்டார்கள். சில ஆண்டுகளில் அவரே தலைமை ஆசிரியையாகி விட்டார். கல்லூரி வாசலை மிதிக்க முடியாமல் போனவர், ஒரு பள்ளிக்கே தலைவி ஆனார்!

கோபுரமா, சமதளமா?

அளவு சொல்லிச் சமைப்பதை முதன் முதலில் கண்டுபிடித்தவர் பேனி என்று சிலர் எழுதுவார்கள். அது சரி அல்ல. பாஸ்டன் பள்ளியின் முதல் தலைமை ஆசிரியையான மேரி லிங்கன், 1884-லேயே ஒரு நல்ல சமையல் புத்தகம் எழுதியிருந்தார். அதில் கோப்பை அளவும் உண்டு, கரண்டி அளவும் உண்டு.

ஆனால், அந்தக் கரண்டி அளவில் ஒரு சங்கடம் இருந்தது. கரண்டியின் குழிக்குள் எவ்வளவு இருக்கிறதோ, அதே அளவு மேலேயும் உருண்டு நிற்க வேண்டும். அதுதான் ஒரு கரண்டி. கோபுரமாக எடுக்கச் சொன்னால் இன்னும் அதிகம். இந்த உருண்டையையும் கோபுரத்தையும் எப்படிச் சரிபார்ப்பது? ஒருத்தி கோபுரம் கட்டினால் மலை போல இருக்கும். இன்னொருத்தி கட்டினால் மேடு போல இருக்கும். கண்மதிப்புத்தான்!

பேனி அந்தக் கோபுரத்தை இடித்தார். கரண்டி என்றால் தலைதட்டிய கரண்டி. கிண்ணம் என்றால் தலைதட்டிய கிண்ணம். வேறு பேச்சே இல்லை.

கரண்டியை மாவுக்குள் விட்டு நிறைய எடுக்க வேண்டும். கத்தியின் கூர்மையான பக்கத்தைக் கரண்டியின் நுனிப் பக்கம் திருப்பி, மேலே இருப்பதை வழித்துத் தள்ள வேண்டும். இது ஒரு கரண்டி.

அரைக் கரண்டி வேண்டுமா? தலைதட்டிய மாவை நீளவாக்கில் கத்தியால் இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியைத் தள்ளிவிட வேண்டும். கால் கரண்டி வேண்டுமானால், அந்தப் பாதியைக் குறுக்கே வெட்ட வேண்டும். அரைக்கால் வேண்டுமானால் அதையும் குறுக்கே வெட்ட வேண்டும். அரைக்கால் தேக்கரண்டியிலும் குறைவு என்றால்தான் சில துளிகள், சில மணிகள் என்ற பேச்சுக்கு இடம்.

மூன்று தேக்கரண்டி சேர்ந்தால் ஒரு மேஜைக் கரண்டி. 16 மேஜைக் கரண்டி சேர்ந்தால் ஒரு கிண்ணம். கிண்ணம் என்பது அரை பைண்டு பிடிக்க வேண்டும். இன்றைய கணக்கில் அது சுமார் 237 மில்லி லிட்டர். கால், அரை, முக்கால் என்றும், மூன்றில் ஒரு பங்கு என்றும் கோடு போட்ட தகரக் கிண்ணங்கள் கடைகளில் கிடைத்தன. அவற்றை வாங்கிக்கொள்ளும்படி பேனி சொன்னார்.

மாவை அளக்கும் முன் சலிக்க வேண்டும் என்பது இன்னொரு கட்டளை. சலித்த மாவைக் கரண்டியால் அள்ளிக் கிண்ணத்தில் போட வேண்டும். கிண்ணத்தைக் குலுக்கக் கூடாது, தட்டக் கூடாது. வெண்ணெய் என்றால் நேர் எதிர். இடைவெளி இல்லாமல் அழுத்தி அடைத்து, பிறகு வழிக்க வேண்டும்.

கிண்ணமும் தராசும்

ஏன் இவ்வளவு கண்டிப்பு? இங்குதான் விஷயமே இருக்கிறது.

கடைக்காரர் மாவையும் சர்க்கரையையும் தராசில் நிறுத்து, ராத்தல் கணக்கில் கொடுப்பார். வீட்டுக்கு வந்தால் தராசு இருக்காது, கிண்ணம்தான் இருக்கும். தராசு பார்ப்பது எடையை. கிண்ணம் பார்ப்பது இடத்தை. இரண்டும் ஒன்று அல்ல. ஒரு கிண்ணம் பஞ்சும் ஒரு கிண்ணம் இரும்பும் ஒரே எடை இருக்குமா?

இரண்டுக்கும் நடுவே பாலம் போட, பேனி தம் புத்தகத்தில் ஓர் அட்டவணை கொடுத்தார். ராத்தல் என்பது சுமார் 454 கிராம். ஒரு ராத்தலுக்கு எது எத்தனை கிண்ணம் என்று அதில் பார்க்கலாம்.

வெண்ணெயை அழுத்தி அடைத்தால் இரண்டு கிண்ணம் ஒரு ராத்தல். சாதாரணச் சர்க்கரையும் இரண்டு கிண்ணம்தான். ஆனால், கேக் செய்யும் மென்மையான மாவு நான்கு கிண்ணம் வேண்டும்! அதாவது, ஒரே கிண்ணத்தில் சர்க்கரை 8 அவுன்ஸ் பிடிக்கும். மாவு 4 அவுன்ஸ்தான் பிடிக்கும். சரி பாதி! காரணம், சலித்த மாவின் நடுவே காற்று நிறைந்து நிற்கிறது. கிண்ணம் நிறைந்தது போலத் தோன்றும். நிறைந்ததில் பெரும்பகுதி காற்று.

அந்த மாவுக் கிண்ணத்தைத் தரையில் நாலு தட்டுத் தட்டினால் என்ன ஆகும்? காற்று வெளியேறும். மாவு கீழே இறங்கும். மேலும் மாவு போட இடம் வரும். 113 கிராம் இருக்க வேண்டிய கிண்ணத்தில் 140 கிராமுக்கு மேலேயே ஏறிவிடும். இரண்டு மூன்று கிண்ணம் போடும் கேக்கில் இது எங்கே கொண்டுபோய் விடும்? கேக் கல்லாகிவிடும். குலுக்காதே என்று பேனி சொன்னதன் ரகசியம் இதுதான்.

அரிசி ஒன்றே முக்காலே அரைக்கால் கிண்ணம் ஒரு ராத்தல். ஓட்ஸ் தானியத்தை நொய்யாக உடைத்தால் இரண்டு கிண்ணமும், மூன்றில் இரண்டு பங்கும் போதும். அதே ஓட்ஸை அவலாகத் தட்டினால் நாலே முக்கால் கிண்ணம் வேண்டும். தானியம் ஒன்றுதான். தட்டையாகி விட்டதால் அடைக்கும் இடம் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகிவிட்டது! காப்பித்தூள் நான்கு கிண்ணத்துக்குச் சற்று அதிகம். பெரிய முட்டையானால் ஒன்பது.

நீர்ப் பொருள்களில் காற்று புகுந்து ஏமாற்றாது. அங்கும் வித்தியாசம் உண்டு. ஒரு கிண்ணம் தண்ணீர் சுமார் 237 கிராம். பால் கொஞ்சம் கூடுதல். 244 கிராம் வரும். எண்ணெய் லேசானது, 218 கிராம்தான் இருக்கும். அதனால்தான் தண்ணீரில் எண்ணெய் மிதக்கிறது. தேன் 340 கிராம் நிற்கும். தண்ணீரில் விட்டால் அது அடியில் போய் உட்காரும். நீர்ப் பொருளுக்குத் தலைதட்ட வேண்டியது இல்லை. கிண்ணம் விளிம்பு வரை எவ்வளவு பிடிக்குமோ அவ்வளவும் ஒரு கிண்ணம்.

இந்தக் கணக்கை எல்லாம் பள்ளிப்பிள்ளை வாய்ப்பாடு போலப் பெண்கள் கற்றுக்கொண்டார்கள். இரண்டு மேஜைக் கரண்டி வெண்ணெய் ஓர் அவுன்ஸ். நான்கு மேஜைக் கரண்டி மாவு ஓர் அவுன்ஸ். தராசு இல்லாத வீட்டில் கரண்டியே தராசு ஆயிற்று.

பதிப்பகத்தார் தயங்கினார்கள்

பாடங்களை எல்லாம் திரட்டிப் பேனி ஒரு பெரிய புத்தகம் எழுதினார். பாஸ்டன் சமையல் பள்ளிச் சமையல் புத்தகம் என்பது அதன் பெயர். லிட்டில் பிரவுன் என்ற புகழ்பெற்ற பதிப்பகத்துக்குக் கொண்டுபோனார்.

பதிப்பகத்தாருக்கு நம்பிக்கை வரவில்லை. ஏற்கெனவே எத்தனையோ சமையல் புத்தகங்கள். இது ஒன்று விற்குமா? அச்சுச் செலவை எழுதியவரே ஏற்றால் போடலாம் என்றார்கள். அதுவும் 3 ஆயிரம் பிரதிகள் மட்டும்!

சமையல் கற்றுக்கொடுத்துச் சம்பாதித்த பணம்தான் பேனியிடம் இருந்தது. புத்தகம் விற்காவிட்டால் அதுவும் போகும். நடக்கச் சிரமப்படும் உடம்பு. வயது 39. கணவன் இல்லை, பிள்ளை இல்லை. வேறு யாராக இருந்தாலும் பின்வாங்கி இருப்பார்கள்.

பேனி பின்வாங்கவில்லை. செலவைத் தாமே ஏற்றார். அதோடு, புத்தகத்தின் உரிமையையும் தம்மிடமே வைத்துக்கொண்டார். அச்சுத்தொழிலாளி மகள் அல்லவா!

1896-ல் புத்தகம் வெளிவந்தது. 1,800-க்கும் மேற்பட்ட சமையல் குறிப்புகள். முதல் அத்தியாயத்திலேயே உணவில் உள்ள சத்துகள் பற்றிய பாடம். அதன் பிறகு அளவு. பெண்கள் வாங்கினார்கள். வாங்கியவர்கள் பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னார்கள். புத்தகத்தில் சொன்னபடி செய்தால், சொன்னபடி வருகிறது! இது போதாதா? மூவாயிரம் தீர்ந்தது. மறுபடி அச்சிட்டார்கள். மறுபடி, மறுபடி! பதிப்பகத்துக்கு அதிகம் விற்ற புத்தகங்களில் அதுவும் ஒன்றாயிற்று. உரிமையைத் தாமே வைத்திருந்த பேனி செல்வந்தர் ஆனார்.

பேனியைக் கேலி செய்தவர்களும் உண்டு. கத்தியும் கரண்டியுமாகச் சமையல் அறையைச் சோதனைச் சாலை ஆக்கிவிட்டார் என்றார்கள். அளந்து அளந்து ருசியைக் கொன்றுவிட்டார் என்றும் பின்னாளில் சிலர் எழுதினார்கள். அதில் கொஞ்சம் உண்மை இருக்கலாம். எதற்கு எடுத்தாலும் வெள்ளைக் குழம்பை ஊற்றும் பழக்கம் அந்தப் பள்ளிக்கு உண்டு. ஆனால், பேனி ருசி அறியாதவர் அல்ல. ஓட்டலில் புதிய பண்டம் ஒன்றைச் சாப்பிட்டுவிட்டால், அதில் என்ன சேர்த்திருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்காமல் விடமாட்டார். குழம்பில் ஒரு சொட்டைத் தம் பெயர் அட்டையில் தொட்டு எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் சோதித்துப் பார்ப்பார் என்று சொல்வார்கள்.

சொந்தப் பள்ளி

1902-ல் பாஸ்டன் சமையல் பள்ளி ஒரு கல்லூரியோடு சேர்ந்துவிட்டது. பேனி வெளியே வந்து, மிஸ் பார்மர் சமையல் பள்ளி என்று சொந்தமாகத் தொடங்கினார். ஆசிரியைகளை உருவாக்குவது பழைய பள்ளியின் வேலை. பேனிக்கு வேண்டியது, வீட்டில் சமைக்கும் சாதாரணப் பெண்கள்.

வாரந்தோறும் மேடையில் சமைத்துக்காட்டிப் பேசுவார். இருநூறு பேர் வரை வந்து உட்காருவார்கள். அவர் பேசியதைப் பாஸ்டன் பத்திரிகை வெளியிடும். அதைப் படித்து மற்ற ஊர்க்காரர்களும் செய்துபார்ப்பார்கள். பெண்கள் பத்திரிகை ஒன்றில், தங்கை கோராவுடன் சேர்ந்து ஏறக்குறைய பத்து ஆண்டுகள் சமையல் பகுதி எழுதினார். வேறு சில புத்தகங்களும் எழுதினார்.

நோயாளியின் தட்டு

இவ்வளவு புகழ் வந்த பிறகும், பேனியின் மனம் வேறு ஓர் இடத்தில் இருந்தது. நோயாளியின் படுக்கை அருகில்!

அந்தப் படுக்கையைப் பற்றி அவருக்கு யாரும் சொல்ல வேண்டியது இல்லை. 16 வயதில் அதில் கிடந்தவர் அவர். பசி இல்லாதவன் முன்னால் கொண்டுவந்து வைக்கும் தட்டு எப்படி இருக்க வேண்டும், எவ்வளவு இருக்க வேண்டும், பார்த்தவுடன் சாப்பிடத் தோன்ற வேண்டாமா என்றெல்லாம் அவர் நினைத்துப்பார்த்தார். நர்சுகளுக்கு நோயாளிச் சமையல் கற்றுக்கொடுத்தார். ஆஸ்பத்திரிகளுக்காகப் பாடம் நடத்தினார். ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியில் டாக்டர்கள் முன்னால் நின்று, உணவு பற்றிச் சொற்பொழிவு செய்தார். உயர்நிலைப் பள்ளியைக்கூட முடிக்காதவர், டாக்டர்களுக்குப் பாடம் சொன்னார்!

1904-ல் நோயாளிகளுக்கும், நோய் தீர்ந்து தேறி வருகிறவர்களுக்குமான சமையல் புத்தகத்தை வெளியிட்டார். தாம் எழுதியவற்றில் இதுவே முக்கியமானது என்று அவர் கருதினார். அதில் நீரிழிவு நோயாளிகளுக்கு ஒரு பகுதி உண்டு.

அன்றைய நீரிழிவு இன்றைய நீரிழிவு அல்ல. இன்சுலின் மருந்து 1922-ல்தான் மனிதனுக்கு முதலில் கொடுக்கப்பட்டது. அதற்கு முன், நீரிழிவு வந்த குழந்தை பிழைப்பது அரிது. உணவைக் கட்டுப்படுத்துவது ஒன்றுதான் வழி. எவ்வளவு மாவுச்சத்து உள்ளே போகிறது என்று டாக்டர் கணக்கிட வேண்டும். ஒரு கரண்டி என்று எழுதிக்கொடுத்தால், தாய் கோபுரமாகப் போட்டுவிட்டால் என்ன ஆகும்? கேக் கெட்டுப்போனால் எறிந்துவிடலாம். இங்கு கெடுவது உயிர்! தலைதட்டிய கரண்டி இந்த இடத்தில் மருந்துக் கரண்டி ஆயிற்று.

எலியட் ஜோஸ்லின் என்ற டாக்டர் பாஸ்டனில் இருந்தார். நீரிழிவு வைத்தியத்தில் பிற்காலத்தில் உலகப்புகழ் பெற்றவர். நீரிழிவு பற்றி எழுதும்படி தம்மை முதலில் தூண்டியவர் பேனி பார்மர்தான் என்று அவர் நன்றியோடு சொல்லியிருக்கிறார்.

சக்கர நாற்காலியில்

கால் மறுபடி சதி செய்தது. கடைசி ஏழு ஆண்டுகள் பேனியால் நடக்க முடியவில்லை. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தார்.

வேலை நிற்கவில்லை. நாற்காலியை மேடைக்குத் தள்ளிக்கொண்டு போவார்கள். உதவிப்பெண்கள் அளந்து கொடுக்க, பேனி உட்கார்ந்தபடி பாடம் நடத்துவார். கூட்டம் குறையவே இல்லை. 1912-ல் புதிய சமையல் புத்தகம் ஒன்றும் வெளியிட்டார்.

1915 ஜனவரி தொடக்கத்தில் ஒரு சொற்பொழிவு செய்தார். அதுதான் கடைசி. பத்து நாள் கழித்து, ஜனவரி 15-ந் தேதி பாஸ்டனில் இறந்தார். அப்போது அவருக்கு வயது 57. அவர் வழிகாட்டிய நீரிழிவுக் குழந்தைகளுக்கு இன்சுலின் வருவதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை.

பிறகு

மிஸ் பார்மர் சமையல் பள்ளி 1944 வரை நடந்தது. புத்தகத்தைக் குடும்பத்தாரும் மற்றவர்களும் திருத்தித் திருத்தி வெளியிட்டார்கள். காலப்போக்கில் பள்ளியின் பெயர் அட்டையிலிருந்து போய்விட்டது. எழுதியவர் பெயரே புத்தகத்தின் பெயர் ஆயிற்று. 1919-ல் ஒருவர் மிட்டாய்க் கடை தொடங்கினார். பேனியின் பெயரை எழுத்தில் சற்றே மாற்றிக் கடைக்கு வைத்துக்கொண்டார். அதற்கும் பேனிக்கும் ஒரு தொடர்பும் இல்லை. பெயருக்கு அவ்வளவு மதிப்பு!

அமெரிக்க வீடுகளில் இன்றும் கிண்ணமும் கரண்டியும்தான் நடக்கின்றன. ஐரோப்பாவில் மாவைத் தராசில் போட்டு கிராம் கணக்கில் நிறுப்பது வழக்கம். எது நல்லது என்ற சண்டை ஓயவில்லை. மாவுக்குத் தராசே மேல் என்பதில் சந்தேகம் இல்லை. குலுக்கினாலும் தட்டினாலும் தராசு ஏமாறாது. ஆனால், 1896-ல் பாஸ்டனில் ஓர் ஏழைப்பெண் தராசுக்கு எங்கே போவாள்? அவளிடம் இருந்தது ஒரு கரண்டியும் ஒரு கத்தியும்தான்.

கரண்டிக்கு மேலே கத்தியை இழுக்கும் அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. அமெரிக்கச் சமையல் குறிப்புகளில் இப்போது ஒரு கரண்டி என்று மட்டும் போட்டிருந்தால், தலைதட்டிய கரண்டி என்றே எடுத்துக்கொள்கிறார்கள். கோபுரம் வேண்டுமானால்தான் தனியாக எழுத வேண்டும்.